வெள்ளத்தில் சிக்கும் காட்டு விலங்குகள்: மீட்பும் மறுவாழ்வும் எப்படி நடக்கின்றன?

அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவுக்கு வெள்ளம் புதிதல்ல. வடக்கே பிரம்மபுத்திரா ஓடுகிறது, தெற்கே கார்பி ஆங்லாங் குன்றுகள் நிற்கின்றன, நடுவே தட்டையான புல்வெளியும் ஏரிகளும். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பருக்குள் ஆறு சில முறையாவது கரை மீறும். பெரிய வெள்ளத்தில் பூங்காவின் பெரும்பகுதி நீருக்குள் போய்விடும். 2022 கணக்கெடுப்பின்படி இங்கே 2613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. உலகில் மிஞ்சியிருக்கும் அந்த இனத்தில் பாதிக்கும் மேல் இந்த ஒரே இடத்தில்தான். கூடவே யானை, புலி, காட்டு நீரெருமை, சதுப்புநில மான், ஆயிரக்கணக்கில் பன்றிமான்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் வராவிட்டால் காசிரங்கா காசிரங்காவாக இருக்காது. வெள்ளம்தான் ஏரிகளை நிரப்புகிறது, ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு போகிறது, மீன்களை உள்ளே கொண்டுவருகிறது, வண்டலைப் பரப்பிப் புல்லைப் புதுப்பிக்கிறது. பல ஆண்டுகள் வெள்ளமே வராமல் போனால் புல்வெளியில் மரங்கள் ஏறிவிடும். விலங்குகளுக்கும் இது பழகிய விஷயம். நீர் ஏற ஏற அவை மேட்டை நோக்கி நகர்ந்து, தெற்குக் குன்றுகளுக்குப் போய், நீர் வடிந்ததும் திரும்பும். இன்று அந்தப் பாதையின் குறுக்கே தேசிய நெடுஞ்சாலையும் கடைகளும் விடுதிகளும் வேலிகளும் வந்துவிட்டன. விலங்குகள் கடந்துபோக மிச்சமிருப்பவை பன்பாரி, ஹல்திபாரி, காஞ்சன்ஜூரி போன்ற சில வழித்தடங்கள்தான். மீட்பு வேலையில் பெரும்பங்கு இந்த அடைபட்ட வழியைச் சில வாரங்களுக்காவது திறந்து வைப்பதுதான்.

ஆகவே, மீட்பு என்றால் விலங்கைப் பிடிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு வரிசை உண்டு. விலங்கு தானாகப் போக முடிந்தால் போக விட வேண்டும். போகும் வழியில் ஆபத்து இருந்தால் ஆபத்தை அகற்ற வேண்டும், விலங்கைத் தொடக் கூடாது. களைத்து ஓரிடத்தில் நின்றுவிட்டால் காவல் இருக்க வேண்டும். தவறான பக்கம் நீந்தினால் திசை திருப்பலாம். மூழ்கும் நிலை வந்தால் மட்டும் பிடித்து, அருகிலுள்ள மேட்டில் உடனே விட வேண்டும். காயமடைந்ததும் தாயை இழந்ததும் மட்டுமே மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படி கீழே இறங்கும்போதும் அந்த விலங்கு பிழைத்துக் காட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் கயிற்றை எடுக்க அவசரப்படுவதில்லை.

சாலையும் மேடும்

பூங்காவை ஒட்டி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் நெடுஞ்சாலை ஓடுகிறது. வெள்ள நாட்களில், குறிப்பாக இரவில், மான்கள் கூட்டம் கூட்டமாக இதைக் கடக்கும். அப்போது வாகனங்களுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வரம்பு. அதைக் கண்காணிக்க ஒரு எளிய முறை இருக்கிறது. நுழையும் சோதனைச் சாவடியில் நேரம் எழுதிய அட்டையைக் கொடுப்பார்கள், வெளியேறும் சாவடியில் வாங்கிப் பார்ப்பார்கள். 20 கிலோமீட்டர் தூரத்தை 30 நிமிடத்துக்கும் குறைவாகக் கடந்திருந்தால் எங்கோ 40-ஐத் தாண்டி ஓட்டியிருக்கிறார் என்று பொருள், அபராதம் விழும்.

ஏன் 40? ஈரமான சாலையில் அந்த வேகத்தில் போகும் கார், ஓட்டுநர் மானைப் பார்த்த நொடியிலிருந்து முழுவதும் நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் எடுக்கும். வேகம் 80 ஆனால் 100 மீட்டரை நெருங்கிவிடும். தாழ்வாக வைத்த முகப்பு விளக்கில் 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. அதாவது 80-ல் போகிறவருக்கு மான் கண்ணில் படும்போதே காலம் கடந்துவிட்டது. மான் வெளிச்சத்தில் திகைத்து அப்படியே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மான் கடந்தால் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும் என்று எதிர்பார்ப்பதும், ஹாரன் அடிக்காமல் விளக்கைத் தாழ்த்தி நிற்பதும் அந்தச் சாலையில் ஓட்டத் தெரிந்தவர்களின் பழக்கம்.

குன்றுவரை போக முடியாத விலங்குகளுக்காகப் பூங்காவுக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட மண் மேடுகள் எழுப்பப்பட்டிருக்கின்றன. பழைய மேடுகள் சில பெரிய வெள்ளத்தில் தாங்களே மூழ்கிப்போனதால், பின்னர் கட்டியவற்றை உயரமாகவும் அகலமாகவும் அமைத்தார்கள். மேட்டின் சரிவு மென்மையாக இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் களைத்த மானும் காண்டாமிருகக் கன்றும் ஏற முடியாமல் அடியிலேயே சறுக்கி மூழ்கும். மேட்டில் புல் இருக்க வேண்டும், மண் கரையாமல் வேர் பிடித்திருக்க வேண்டும். சிறிய மேடாக இருந்தால் இன்னொரு பிரச்சினை: காண்டாமிருகம் ஒன்று ஏறிவிட்டால் மான்கள் விளிம்புக்குத் தள்ளப்படும்.

காவல் இருப்பதும் மீட்புதான்

பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் வெள்ளக்கால மீட்பில் அதிக உயிர்களைக் காப்பது கூட்டத்தை விலக்கி வைக்கும் வேலைதான். பல மணி நேரம் நீந்திய காண்டாமிருகம் சாலையோரம் வந்து படுத்துவிட்டால், அதற்குத் தேவை ஓய்வு. வனக் காவலர்கள் இரு பக்கமும் வாகனத்தை மெதுவாக்கி, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, அது எழும்வரை காத்திருப்பார்கள். சில நேரம் ஒரு நாள் முழுவதும் ஆகும்.

2019 ஜூலையில் காசிரங்காவை ஒட்டிய ஹர்மதி பகுதியில் ஒரு பெண்புலி வெள்ளத்திலிருந்து வெளியேறி, நெடுஞ்சாலையோரக் கடையை ஒட்டிய வீட்டுக்குள் நுழைந்து கட்டிலில் படுத்துக்கொண்டது. அந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மயக்க ஊசி போடவில்லை. பகல் முழுவதும் தூங்க விட்டார்கள். காட்டுப் பக்கம் போகும் வழியைத் திறந்து வைத்து, மாலையில் சாலைப் போக்குவரத்தை நிறுத்தி, பட்டாசு வெடித்து எழுப்பியதும் அது தானாகச் சாலையைக் கடந்து காட்டை நோக்கிப் போனது. விலங்குக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அந்த வழியில் ஆள் நிற்கக் கூடாது, இருட்டும்வரை பொறுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மனிதருக்கோ விலங்குக்கோ காயம்தான்.

பிடித்தால் ஏன் சாகிறது?

2017, 2024 வெள்ளங்களில் காசிரங்காவில் இறந்த விலங்குகளில் பெரும்பான்மை பன்றிமான்களே. மூழ்கியவை, வாகனத்தில் அடிபட்டவை போக, மீட்கப்பட்ட பிறகு இறப்பவையும் உண்டு. ‘நன்றாகத்தானே இருந்தது, இரண்டு நாள் கழித்து ஏன் செத்தது?’ என்று கேட்பார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணம் கேப்சர் மயோபதி எனப்படும் தசைச் சிதைவு.

மான் பயந்து ஓடும்போதும் திமிறும்போதும் அதன் தசைகள் கிடைக்கும் ஆக்சிஜனுக்கு மேல் வேலை செய்கின்றன. லாக்டிக் அமிலம் சேர்ந்து இரத்தம் அமிலமாகிறது. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டலாம். தசை நார்கள் சிதைந்து பொட்டாசியம் இரத்தத்தில் கலந்தால் இதயம் சட்டென்று நின்றுவிடும். அங்கே தப்பித்தாலும், சிதைந்த தசையிலிருந்து வெளிவரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போவது, பின்னங்கால் இழுத்து நடப்பது, கழுத்து தொங்குவது இதன் அடையாளங்கள். மரணம் சில மணி நேரத்திலும் வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். இந்த நிலைக்கு வந்த பிறகு நரம்புவழி திரவம், சோடியம் பைகார்பனேட் என்று மருத்துவர் முயல்வார், ஆனால் பிழைப்பது அரிது. வராமல் தடுப்பது ஒன்றே நம்பகமான வழி. அதனால் துரத்தல் கூடாது, சத்தம் கூடாது, கையாளும் நேரம் நீளக் கூடாது.

படகிலிருந்து மானைப் பிடிப்பது இதனால்தான் நிதானமான வேலை. மோட்டாரைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டுத் துடுப்பால் நெருங்க வேண்டும். பின்னாலிருந்து வந்தால் மான் இன்னும் வேகமாக நீந்திக் களைக்கும், பக்கவாட்டில் வந்து மேட்டுப் பக்கம் திருப்பப் பார்க்க வேண்டும். மூக்கு நீர்மட்டத்தோடு ஒட்டிவிட்டது, தலை மீண்டும் மீண்டும் அமிழ்கிறது என்றால் மட்டும் பிடிக்கலாம். ஒருவர் தாடைக்கு அடியில் கைகொடுத்துத் தலையை உயர்த்துவார், இன்னொருவர் மார்பையும் பின்தொடையையும் அணைத்துத் தூக்குவார். காதையோ ஒரு காலையோ பிடித்து இழுத்தால் மூட்டு விலகும். ஆண்மானின் கொம்பு மென்தோல் மூடிய பருவத்தில் இருந்தால் அதைத் தொடவே கூடாது. எளிதில் உடையும், இரத்தம் நிற்காது.

படகில் ஏற்றியதும் முதல் வேலை கண்ணை மூடுவது. பருத்தித் துணி போதும், மூக்கும் வாயும் முழுவதும் திறந்திருக்க வேண்டும். கண் மூடினாலே திமிறல் பெருமளவு அடங்கும். பிறகு சாக்கு விரித்த தரையில் மார்பு கீழாகப் படுக்க வைக்க வேண்டும். மான் அசைபோடும் பிராணி. பக்கவாட்டில் சாய்த்துப் போட்டால் இரைப்பையில் வாயு தங்கி வயிறு உப்பி நுரையீரலை அழுத்தும், இரை மேலேறி மூச்சுக்குழாயில் போகும். கழுத்து உயர்ந்தும் மூக்கு நுனி சற்றுத் தாழ்ந்தும் இருந்தால் வாயில் வரும் திரவம் வெளியே வடிந்துவிடும். கால் கட்ட வேண்டியிருந்தால் மென்மையான துணிப்பட்டை, இரண்டு விரல் நுழையும் தளர்வு. நைலான் கயிறு வேண்டாம். பேச்சு வேண்டாம், செல்பேசி வேண்டாம். நடக்கக்கூடிய, காயமில்லாத பெரிய மானை அடுத்த மேட்டிலேயே விட்டுவிட வேண்டும். ‘ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு விடலாம்’ என்பது கேட்க நன்றாக இருக்கும், மானுக்குத் தீங்கு.

காண்டாமிருகத்தின் கதை வேறு. அதை மயக்க எட்டார்ஃபின் போன்ற மிகக் கடுமையான மருந்து பயன்படுகிறது. ஊசி தைத்த பிறகு விலங்கு விழச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நிமிடங்களில் அது நீருக்குள் ஓடினால் மூழ்கிச் சாகும். மருந்து மூச்சையும் மந்தமாக்கும். ஆகவே சுற்றிலும் நீர் இருக்கும் இடத்தில் பொதுவாக மயக்க ஊசியைத் தொடுவதில்லை. வறண்ட இடத்தில் செய்தாலும் மயக்கத்தை முறிக்கும் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள்.

குட்டிகள்

தனியாக நிற்கும் குட்டியெல்லாம் அநாதை அல்ல. தாய் அருகிலேயே மறைந்திருக்கலாம். குட்டி ஆபத்தில்லாத மேட்டில் இருந்தால் தூரத்திலிருந்து பல மணி நேரம் பார்க்க வேண்டும். யானை, காண்டாமிருகக் கன்றுகளைத் தாயோடு சேர்த்து வைக்க முயல்வதுதான் முதல் கடமை. அது முடியாதபோதுதான் மறுவாழ்வு மையம். காசிரங்காவை ஒட்டிய போர்ஜூரியில் 2002 முதல் அசாம் வனத்துறையும் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும் சேர்ந்து அப்படியொரு மையத்தை நடத்துகின்றன.

நனைந்து நடுங்கும் மான்குட்டி வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது பால் கொடுக்கலாம் என்பது. அதுதான் தவறு. முதலில் ஆசனவாயில் வெப்பமானி. மானுக்கு 38 முதல் 39.5 டிகிரி இயல்பு. 37-க்குக் கீழே இருந்தால் குடல் வேலை செய்யாது, கொடுக்கும் பால் செரிக்காமல் நொதிக்கும், விழுங்கவும் தெம்பிருக்காது. உலர்ந்த துண்டால் ஒற்றித் துடைத்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். புட்டி நேராகத் தோலில் பட்டால் சுடும், குளிர்ந்த குட்டிக்கு விலகத் தெரியாது.

அடுத்தது நீரிழப்பு. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் கூடாரமாக நின்றால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. 4 கிலோ குட்டி, உடல் எடையில் 8% நீரிழப்பு என்று மருத்துவர் மதிப்பிட்டால் ஈடுகட்ட வேண்டியது 320 மில்லி. அதை வெதுவெதுப்பான உப்பு-சர்க்கரைக் கரைசலாக ஒரு நாளில் பகிர்ந்து கொடுப்பார்கள், அன்றாடத் தேவை இதற்குமேல் தனி. குடிக்கும் தெம்பில்லாத குட்டிக்குத் தோலடியிலோ நரம்பிலோ திரவம் ஏற்றுவார்கள்.

முதல் இரண்டு மூன்று வேளை வெறும் கரைசல். பிறகு கால் பங்கு பால், அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒன்றிரண்டு நாளில் முழுப் பாலுக்கு வர வேண்டும். மான்குட்டிக்கு ஆட்டுப்பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு உடல் எடையில் 10% என்று தொடங்கினால் 4 கிலோ குட்டிக்கு 400 மில்லி, ஐந்து வேளையாக 80 மில்லி வீதம். பசியோடு கத்துகிறதே என்று ஒரே வேளையில் 200 மில்லி கொடுத்தால் மறுநாள் கழிச்சல், அதற்கு மறுநாள் மீண்டும் நீரிழப்பு. பால் 38 டிகிரி இருக்கட்டும். குட்டி நின்றபடியோ மார்பு கீழாகவோ குடிக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்க ஏந்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்த வேண்டும். ஊட்டி முடித்ததும் ஈரப் பஞ்சால் வாலடியைத் தடவிவிட வேண்டும். தாய் நக்குவதால்தான் சின்னக் குட்டிகள் சிறுநீரும் சாணமும் கழிக்கின்றன.

ஓர் இனத்துக்கு ஒத்த பால் இன்னொன்றுக்கு ஒத்துவராது. பசும்பாலில் சுமார் 4% கொழுப்பு. காண்டாமிருகத்தின் பாலில் அதில் பாதிகூட இல்லை, பால் சர்க்கரைதான் அதிகம். அதனால் காண்டாமிருகக் கன்றுக்குக் குழந்தைகளுக்கான பால்மாவையோ கொழுப்பு நீக்கிய பாலையோ கலந்து கொடுக்கிறார்கள். 60 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டரில் தொடங்கும் இந்த வேலை மாதக்கணக்கில் நீளும். யானைக் கன்றுக்கும் பசும்பால் ஒத்துக்கொள்ளாது, கழிச்சலில் இறந்தே போகும். சேற்றுக் குட்டை, நிழல், துணைக்கு இன்னொரு கன்று, இவையும் பாலைப் போலவே தேவை.

திரும்ப விடுவது

வளர்ப்பவர்களுக்கு மிகக் கடினமான விதி ஒன்று உண்டு: பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொஞ்சக் கூடாது. மனிதரிடம் பயம் போன மான் நேராக ஊருக்குள் வந்து நாய்க்கு இரையாகும். புட்டிப்பால் குடித்து வளர்ந்த ஆண்மான், கொம்பு முளைத்த பிறகு மனிதரைத் தன் போட்டியாளனாக எண்ணி முட்டும். ஒன்றிரண்டு பேர் மட்டும் பால் கொடுப்பது, பார்வையாளரை அனுமதிக்காமல் இருப்பது, கூடிய விரைவில் அதே இனத்தோடு சேர்ப்பது, பாலைக் குறைத்துக் காட்டுப் புல்லைக் கூட்டுவது, இப்படித்தான் போகும். ஆடு மாடுகளோடு சேர்த்து அடைக்கவே கூடாது. கோமாரி போன்ற நோய்கள் இரு பக்கமும் தாவும். பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

காண்டாமிருகக் கன்று காட்டுக்குத் திரும்பும் நிலைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். 2006 பிப்ரவரியில் போர்ஜூரி மையத்தில் வளர்ந்த ஒரு பெண் காண்டாமிருகம் அசாமிலேயே உள்ள மானஸ் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டது. 1990-களின் கலவர காலத்தில் வேட்டையால் அங்கே காண்டாமிருகங்களே இல்லாமல் போயிருந்தன. நேராகத் திறந்து விடாமல், காட்டுக்குள்ளேயே அமைத்த பெரிய வேலியடைப்பில் அந்த மண்ணையும் புல்லையும் நீரையும் பழக்கி, பிறகே வெளியே விட்டார்கள். அடுத்தடுத்து மற்ற கன்றுகளும் போயின. அங்கே அவை குட்டியும் ஈன்றன. வெள்ளத்தில் தாயைத் தொலைத்த ஒரு கன்று, இனமே அற்றுப்போன காட்டில் மறுபடி ஓர் இனத்தைத் தொடங்கி வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

விடுவதற்கு முன் இரத்தம், சாணம் சோதித்துப் புழுநீக்கம் செய்வார்கள். வெள்ளம் முழுவதும் வடிந்து புது முளைப்புல் வந்திருக்க வேண்டும். பெரிய விலங்குகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை கட்டுவதும் உண்டு. வளரும் கன்றுக்கு அதை இறுக்கமாகக் கட்டினால் கழுத்தை அறுக்கும் என்பதால் அளவு பார்ப்பதில் தனிக் கவனம் வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால்

பூங்காவை ஒட்டி வாழ்பவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி நாயைக் கட்டி வைப்பது. மேடேறிக் களைத்து நிற்கும் மான்களை அதிகம் கொல்வதில் நாய்களும் உண்டு. அடுத்தது வனத்துறைக்குத் தகவல்: எந்த விலங்கு, எத்தனை, நிற்கிறதா படுத்திருக்கிறதா, சாலையிலிருந்து எவ்வளவு தூரம். கொல்லைப்புறத்தில் மான் நின்றால் அந்தப் பக்க விளக்கை அணைத்து, வேலியில் ஒரு பக்கத்தைத் திறந்து, வீட்டுக்குள் போய்விடுங்கள். தண்ணீர் வைக்க வேண்டாம், சோறு வேண்டாம். அரிசியும் ரொட்டியும் மானின் இரைப்பையில் அமிலமாகி அதைக் கொல்லும். வெள்ளத்தில் பாம்புகளும் ஓட்டு இடுக்கு, விறகுக் குவியல், கட்டில் அடி என்று உலர்ந்த இடம் தேடும். கையை விடுமுன் நீளக் கம்பால் தட்டிப் பாருங்கள். குட்டியை எடுத்து வந்து வளர்க்க நினைப்பது எவ்வளவு அன்போடு செய்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீரிலிருந்து தூக்கியே ஆக வேண்டிய நிலை என்றால், இருட்டான, காற்றோட்டமுள்ள பெட்டியில் உலர்ந்த வைக்கோல்மேல் வைத்து, மூடியைத் திறந்து பார்க்காமல் வனத்துறையினர் வரும்வரை காத்திருங்கள். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். தாயைத் தேடவும், பின்னால் அதே இடத்தில் விடவும் அந்தக் குறிப்புதான் உதவும்.